மைக் வாங்க முதல் யன்னலைச் சாத்திப் பாருங்கோ: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்வியில பாதிக்கு மேல வீட்டில பாட்டு ரெக்கோர்ட் பண்ணுற கதைதான். ஒரே கேள்வியை நாலு பேர் நாலு விதமாக் கேட்டிருந்தா அதை ஒண்டாச் சேர்த்திருக்கிறன். விலை கேட்ட ஆக்கள் கோவிக்க வேணாம். 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 பக்கம் போன காலத்துக்குப் பிறகு நான் எழுதுற விலை அச்சாகி வரமுதலே பழசாப் போயிடுது, அதால சாமானை மட்டும் சொல்லுறன், விலையைக் கடையில கேளுங்கோ, குறைஞ்சது மூண்டு கடையில கேளுங்கோ.

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில மரைன் டிரைவ் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல இருக்கிறன். கர்நாடக சங்கீதம் படிக்கிறன், மெல்லிசையும் பாடிப் போட ஆசை. போனில பதிஞ்சா குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி இருக்கு. கண்டென்சர்தான் ஸ்டூடியோ மைக், அதை வாங்கு எண்டு கூட்டாளி சொல்லுறா. கடையில கேட்டா டைனமிக் காணும் எண்டுறாங்கள். எதை வாங்க? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தங்கச்சி, மைக்கை விடுங்கோ, முதல்ல ஒரு வேலை செய்யுங்கோ. இரவு ஒரு ஒன்பது மணிக்கு நீங்க பாடப்போற ரூமில ஃபேனை நிப்பாட்டி, யன்னலைச் சாத்தி, போனை மேசையில வச்சு ரெண்டு நிமிசம் ஒண்டும் கதைக்காம ரெக்கோர்ட் பண்ணுங்கோ. பிறகு ஹெட்ஃபோன்ல சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கோ. கரையோர ரயில், காலி வீதி பஸ் ஹோர்ன், மேல் வீட்டுக்காரர் கதிரை இழுக்கிறது, ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு ஏசி எல்லாம் வரிசையா வரும், பின்னேரம் எண்டா பாண் ஓட்டோவும் மெட்டோட வரும். அடுத்தது ரூமுக்கு நடுவில நிண்டு ஒரு தரம் பலமாக் கை தட்டுங்கோ. தட்டின பிறகு 'டிங்' எண்டு ஒரு வால் இழுபட்டா அதுதான் உங்கட கிணறு, அது போனில இல்லை, டைல்ஸ் நிலத்திலயும் வெறும் சுவரிலயும் இருக்கு. எந்த விலை மைக் வாங்கினாலும் அது கூடவே வரும், நல்ல மைக் எண்டா இன்னும் தெளிவா வரும்.

இப்ப அந்தக் கண்டென்சர், டைனமிக் சண்டை. ரெண்டும் மைக் வகைதான்: கண்டென்சர் கரண்ட் குடுத்தாத்தான் ஓடும், நுணுக்கமா எடுக்கும், டைனமிக் கரண்ட் இல்லாம ஓடுற முரட்டு ரகம். கன பேர் சொல்லுறது, டைனமிக் மைக் வெளிச் சத்தத்தை எடுக்காது, கண்டென்சர் எல்லாத்தையும் இழுக்கும் எண்டு. அது அரைவாசிதான் உண்மை. மைக்குக்கு எது ரயில், எது குரல் எண்டு தெரியாது. ரெண்டும் கார்டியோயிட் (முன்பக்கச் சத்தத்தைக் கூட எடுத்து, பின்பக்கத்தை விடுற வகை) எண்டா, ரெண்டையும் ஒரே தூரத்தில வச்சு, ஒரே அளவு சத்தம் வாற மாதிரி கெயின் (மைக் சிக்னலைப் பெருக்கிற அளவு) வச்சுப் பாத்தா ரெண்டிலயும் ரயில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் கேக்கும். வித்தியாசம் எங்க வருது எண்டா, டைனமிக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகலாம், ரெண்டு மூண்டு விரல் இடைவெளியில பாடினாலும் தாங்கும், கண்டென்சரில அப்பிடிப் பாடினா 'ப', 'ப்ப' எல்லாம் வெடிக்கும், மூச்சு எல்லாம் கேக்கும், அதால ஒரு சாண் தள்ளி நிக்கவேணும். தூரம்தான் இங்க எல்லாம். மைக்குக்கும் வாய்க்கும் இடையில உள்ள தூரத்தைப் பாதியாக்கினா குரல் கிட்டத்தட்ட 6 டெசிபெல் கூடும், ரயில் எங்கேயோ தூரத்தில ஓடுறதால அது அப்பிடியே இருக்கும். 40 சென்டிமீட்டரில இருந்து 10க்கு வந்தா குரலுக்கு 12 டெசிபெல் லாபம். எந்த சொஃப்ட்வெயாரிலயும் இரைச்சல் அழிக்கிறதை விட இது சுத்தமா வேலை செய்யும், காசும் இல்லை.

ஆனா கிட்டப் போறதுக்கும் ஒரு விலை இருக்கு. கார்டியோயிட் மைக்கில கிட்டப் போகப் போக கீழ்ச்சத்தம் கூடும், குரல் கொஞ்சம் தடிச்சுக் கேக்கும். ரேடியோ அறிவிப்பாளருக்கு அது வசதி. உங்களுக்கு, மந்த்ர ஸ்தாயியில இறங்கேக்க 'பம்' எண்டு நிக்கும், தார ஸ்தாயிக்குப் போகேக்க தலையைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கவேணும். மேடையில மைக் பிடிச்சுப் பாடுற ஆக்களுக்கு இது கை தானாச் செய்யுற வேலை, வீட்டில ஸ்டாண்டில வச்சுப் பாடேக்க நீங்க பழகித்தான் எடுக்கவேணும்.

அதால உங்கட ரூமுக்கு என்ட தெரிவு ஷூர் எஸ்.எம். 58. 1966ல வந்த மைக், இண்டைக்கும் விக்குது, கீழ போட்டாலும் சாகாது, கடற்காத்துக்கும் ஈரத்துக்கும் கண்டென்சரை விடத் தாங்கும். மேல் சத்தம் கண்டென்சர் மாதிரி மினுங்காது, அதின்ட எல்லை 15,000 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான், ஆனா கமகம் கேக்குறதுக்கு அது தடை இல்லை. நாளைக்கு வேற அமைதியான ரூம் கிடைச்சா ஓடியோ டெக்னிகா ஏ.டி. 2020 மாதிரி ஒரு கண்டென்சர் எடுங்கோ, எஸ்.எம். 58ஐ வித்துப்போடாதீங்கோ. நாலாயிரம் பேர் ஓன்லைனில சண்டை பிடிக்கிற சுய இரைச்சல் (மைக் தனக்குள்ளயே உண்டாக்குற சத்தம்) கணக்கையும் நீங்க பாக்கத் தேவையில்லை. ரோட் என்.டி. 1க்கு 4.5 டெசிபெல், ஏ.டி. 2020க்கு 20 டெசிபெல் எண்டு போட்டிருப்பாங்கள், ஸ்டூடியோவில அது வித்தியாசம்தான், மரைன் டிரைவ் ரூமில விடியப்புறம் ரெண்டு மணிக்கும் அந்த 20க்கு மேலதான் சத்தம் இருக்கும்.

அடுத்தது இண்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கொம்பியூட்டரோட இணைக்கிற பெட்டி. நீங்க ஒரு ஆள், ஒரு குரல் எண்டா ஒரு மைக் வழி (இன்புட்) உள்ளது காணும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ எடுக்கலாம். சுருதிப் பெட்டியை ரூமில வச்சுப் பாடாதீங்கோ. போன் ஆப்பில இருக்கிற தம்புராவை முதல்ல ஒரு டிராக்கில பதிஞ்சு, அதை ஹெட்ஃபோன்ல கேட்டுக்கொண்டு பாடுங்கோ, அப்ப குரல் தனியா நிக்கும், பிறகு சுருதியைக் கூட்டலாம், குறைக்கலாம், பாட்டில ஒரு இடம் பிழைச்சா அந்த வரியை மட்டும் திரும்பப் பாடி ஒட்டலாம். சுருதி ரூமில ஓடினா அது குரலோட சேர்ந்து பதிஞ்சுபோகும், ஒட்டுற இடம் நல்லாத் தெரியும்.

கெயின் வைக்கேக்க 'ஹலோ ஹலோ' எண்டு பாத்து வைக்காம பாட்டில மேல போற இடத்தை முழுக்குரலில பாடிப் பாத்து வையுங்கோ, உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கத்தில நிண்டாக் காணும். 24 பிட்டில பதியேக்க சிவப்பு விளிம்பு வரைக்கும் தள்ளத் தேவையே இல்லை. குறைஞ்சதைப் பிறகு கூட்டலாம், வெடிச்சதைத் திருத்த ஏலாது.

எதிரொலிக்கு ஒண்டு. கன பேர் மைக்குக்குப் பின்னால ஃபோம் வைக்கிறாங்கள். கார்டியோயிட் மைக் பாக்குறது உங்கட முகத்தை, முகத்துக்குப் பின்னால இருக்கிற சுவரில பட்டு வாற சத்தம்தான் மைக்குக்குள்ள போகுது. அதால தடிச்ச போர்வையைத் தொங்கவிட வேண்டிய இடம் உங்கட முதுகுக்குப் பின்னால. அலுமாரியைத் திறந்து, சேலை தொங்குற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிண்டு பாடிப் பாருங்கோ, அம்மா பேசினா நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ.

கேள்வி: கொட்டாஞ்சேனையில கோவில் பாடகர் குழுவுக்கு கீபோர்ட் வாசிக்கிறன். புது மெட்டுகளை வீட்டில கீபோர்டும் குரலுமாப் பதிஞ்சு பிள்ளைகளுக்கு அனுப்ப வேணும். இண்டர்ஃபேஸில ஸ்கார்லெட் சோலோ எடுக்கிறதா, ஸ்கார்லெட் 2ஐ2 எடுக்கிறதா? ரெண்டுக்கும் ஒரு வழிதானே வித்தியாசம் எண்டு மகன் சொல்லுறான். (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: ஐயா, மகன் சொல்லுறது சரி, ஆனா அந்த ஒரு வழியிலதான் உங்கட கதையே இருக்கு. உங்கட கீபோர்டுக்குப் பின்னால பாருங்கோ, எல் / மோனோ எண்டு ஒண்டு, ஆர் எண்டு ஒண்டு, ரெண்டு அவுட்புட் இருக்கும். ஸ்டீரியோவில வேணும் எண்டா கீபோர்டே ரெண்டு வழியைத் தின்னும். சோலோவில ஒரு மைக் வழி, ஒரு லைன் வழி (கீபோர்ட் மாதிரிக் கருவியை நேராக் குத்துறது), அதால குரலும் மோனோ கீபோர்டும் ஒண்டாப் பதியலாம், ஸ்டீரியோ ஏலாது. 2ஐ2ல ரெண்டு வழியிலயும் மைக்கோ லைனோ போடலாம், கீபோர்டை முதல்ல ஸ்டீரியோவில பதிஞ்சு, பிறகு அதைக் கேட்டுக்கொண்டு குரலைப் பதியலாம். ரெண்டும் ஒரே நேரத்தில, அதுவும் ஸ்டீரியோவில வேணும் எண்டா 2ஐ2உம் காணாது, ஸ்கார்லெட் 4ஐ4க்கோ பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 404 எச்.டி.க்கோ போகவேணும்.

பிள்ளைகளுக்கு மெட்டுப் பழக்கத்தான் எண்டா மோனோ கீபோர்ட் தாராளம், வாட்ஸ்அப்பில போன் ஸ்பீக்கரில கேக்குற பிள்ளைக்கு எது இடது எது வலது எண்டு எப்பிடித் தெரியும்? ஆனாலும் நான் 2ஐ2 எடுக்கச் சொல்லுவன். நத்தார் கீதம் பதிய எண்டு ஒரு நாள் ரெண்டு பேர் வந்து நிப்பினம், அண்டைக்கு ரெண்டாவது மைக் வழி இல்லாட்டி முழுப் பெட்டியையும் மாத்தவேண்டி வரும். 2023ல வந்த நாலாம் தலைமுறை 2ஐ2ல நீங்க கொஞ்ச நேரம் வாசிச்சுக் காட்ட அதுவே கெயின் வைக்கிற வசதியும் இருக்கு, தனிய வாசிச்சுப் பாடிப் பதியுற ஆளுக்கு அது பெரிய உதவி. அதே விலைப் பக்கத்தில ஓடியன்ட் ஈவோ 4, மோட்டு எம் 2 கிடைச்சாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், ஒண்டுக்கு ஒண்டு குறைஞ்சதில்லை, எது கொழும்பில வோரண்டியோட கிடைக்குதோ அது.

கேபிள் வாங்கேக்க 6.35 எம்.எம். பெரிய ஜெக் ரெண்டு வாங்குங்கோ. கீபோர்டின்ட ஹெட்ஃபோன் துளையில இருந்து இழுக்காதீங்கோ. இன்னொண்டு, சில யமஹா கீபோர்ட்களில பென் டிரைவைக் குத்தி நேரா ஓடியோவாப் பதியலாம், உங்கட மொடல்ல அது இருந்தா பெட்டி வாங்கமுதல் அதைப் பழகிப் பாருங்கோ.

கேள்வி: யூ.எஸ்.பி. மைக் வாங்கினா இண்டர்ஃபேஸ் தேவையில்லைத்தானே? (தெஹிவளை வாசகர்)

பதில்: கதைக்கிறதுக்கு, வகுப்பு எடுக்கிறதுக்கு, பொட்காஸ்ட்டுக்கு, தனியப் பாடுறதுக்குக் காணும். ரெண்டாவது ஆள் வந்தாலோ கிட்டார் வந்தாலோ முடிஞ்சுது. ரோட் என்.டி. 1 ஐந்தாம் தலைமுறை மாதிரி யூ.எஸ்.பி.யும் எக்ஸ்.எல்.ஆரும் (இண்டர்ஃபேஸில குத்துற மூண்டு பின் மைக் இணைப்பு) ரெண்டும் உள்ளது எடுத்தா இப்ப நேராக் குத்தலாம், பிறகு இண்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக் வீண் போகாது.

கேள்வி: யூடியூப்பில எல்லாரும் வச்சிருக்கிற ஷூர் எஸ்.எம். 7பி எடுக்க காசு சேர்க்கிறன். என்னட்ட பழைய மூண்டாம் தலைமுறை ஸ்கார்லெட் இருக்கு. சத்தம் காணாது எண்டு ஒருத்தர் பயமுறுத்துறார். (கல்கிசை வாசகர்)

பதில்: தம்பி, அவர் பயமுறுத்தல, கணக்குச் சொல்லியிருக்கிறார். எஸ்.எம். 7பி நல்ல மைக், ஆனா சரியான மெல்லிய சிக்னல் தாறது, அதுக்கு 60 டெசிபெல் கெயின் வேணும் எண்டு கொம்பனியே சொல்லுது. உங்கட மூண்டாம் தலைமுறைப் பெட்டியில உச்சம் 56. நீங்க ரொக் பாடி கத்துற ஆள் எண்டா பிரச்சினை வராது, மெதுவாக் கதைக்கிற, தாலாட்டுப் பாடுற குரல் எண்டா நொப்பை முழுசாத் திருப்பியும் காணாம, 'ஸ்ஸ்' எண்ட இரைச்சலோட வரும். அதுக்குத்தான் கன பேர் நடுவில கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் எண்டு ஒரு சின்னப் பெட்டி போடுறாங்கள், 25 டெசிபெல் பக்கம் கூட்டித் தரும், 48 வோல்ட் ஃபன்டம் பவரை (மைக் வயர் வழியாப் போற கரண்ட்) இண்டர்ஃபேஸில போட்டாத்தான் அது ஓடும். 2023ல வந்த எஸ்.எம். 7டிபி எண்ட மொடல்ல அந்தப் பூஸ்டர் உள்ளயே இருக்கு.

இப்ப கூட்டிப் பாருங்கோ. மைக், பூஸ்டர், இவ்வளவு பாரத்தைத் தாங்குற ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தா என்ன வரும்? எஸ்.எம். 58 அதே குரலுக்கு 4.5 டெசிபெல் கூடத் தாறது, உங்கட பழைய பெட்டியிலேயே ஓடும். கமெராவில வடிவாத் தெரியிறதுக்கு எண்டா அதை நேராச் சொல்லி வாங்குங்கோ, அதில பிழை ஒண்டும் இல்லை. பாட்டுக்கு எண்டா மிச்சக் காசில நல்ல ஹெட்ஃபோன் எடுங்கோ.

கேள்வி: லெப்டொப்பை சார்ஜ்ல போட்டாக் காணும், ரெக்கோர்டிங்ல 'ங்ங்ங்' எண்டு ஒரு இரைச்சல். மைக்கில வாய் பட்டா உதடு சுள்ளெண்டு இழுக்குது. மைக் பழுதா? (வத்தளை வாசகர்)

பதில்: மைக்கை விடுங்கோ, இது கரண்ட் விசயம். இதுக்கு நீங்க அடுத்த ரெக்கோர்டிங்குக்கு முதல் பதில் காணவேணும்.

முதல்ல சார்ஜரைக் கழட்டி பட்டரியில ஓடவிட்டுப் பதிஞ்சு பாருங்கோ. இரைச்சலும் போய், உதடு இழுக்கிறதும் போனா காரணம் சார்ஜர் பக்கம். ரெண்டு பின் சார்ஜர்களில ஏர்த் இல்லை, உள்ள இருக்கிற ஃபில்டரால ஒரு சின்னக் கசிவு லெப்டொப் உடம்புக்கு வரும், அங்க இருந்து யூ.எஸ்.பி. வயர் வழியா இண்டர்ஃபேஸுக்கு, அங்க இருந்து எக்ஸ்.எல்.ஆர் கேபிளின்ட ஷீல்ட் வழியா மைக்கின்ட இரும்பு வலைக்கு. நீங்க வெறுங்காலோட டைல்ஸில நிண்டு வாயை வச்சா அந்தப் பாதை உங்கட உடம்பு வழியா நிலத்துக்குப் போய் முடியுது. எங்கட மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அந்த 50உம் அதின்ட மடங்குகளும்தான் உங்களுக்குக் கேக்குற 'ங்ங்ங்'. லேசாச் சுணைக்கிறது எண்டா பொதுவா இந்தக் கசிவுதான்.

மூண்டு பின் சார்ஜர் எண்டா கதை வேற. எங்கட வீடுகளில பழைய உருண்டைப் பின் சொக்கட்டும் இருக்கு, புது 13 அம்பியர் சதுரப் பின்னும் இருக்கு, ரெண்டையும் சேர்க்க எண்டு ஒரு எடப்டர், அதுக்கு மேல ஒரு மல்டி பிளக், அதுக்கு மேல ஒரு எக்ஸ்டென்ஷன் கோட். இந்தக் கோபுரத்தில எங்கேயாவது ஒரு இடத்தில ஏர்த் பின் தொடாம நிண்டா, இல்லாட்டி சும்மா பிளாஸ்டிக்கில பேருக்கு ஒரு பின் இருந்தா, லெப்டொப்புக்கு ஏர்த் போகாது. எடப்டரைத் தூக்கிப்போட்டு நேரா 13 அம்பியர் சொக்கட்டில குத்திப் பாருங்கோ. ஸ்பீக்கர், லெப்டொப், கீபோர்ட் எல்லாத்தையும் ஒரே நல்ல எக்ஸ்டென்ஷனில இருந்து எடுங்கோ, ஒண்டு இந்தச் சுவரிலயும் மற்றது அந்தச் சுவரிலயும் இருந்தா ஏர்த் சுத்தி வந்து திரும்ப இரையும்.

சுள்ளெண்டு இல்லாம அடிக்கிற மாதிரி இருந்தா, இல்லாட்டி வீட்டில ஃப்ரிட்ஜைத் தொட்டாலும் அப்பிடி இருந்தா, ரெக்கோர்டிங்கை நிப்பாட்டிப்போட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கோ, ஏர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பாக்கச் சொல்லுங்கோ. இரைச்சல் போகும் எண்டு ஏர்த் பின்னை வெட்டச் சொல்லுற ஆக்கள் இருக்கினம். இரைச்சல் போகும்தான், ஆனா ஒரு நாள் சார்ஜர் உள்ளுக்குப் பழுதானா முழுக் கரண்டும் அந்த மைக்கில நிக்கும். வெட்டக்கூடாது.

கேள்வி: புறக்கோட்டையில பி.எம். 800 எண்ட கண்டென்சர் மைக் மலிவா வாங்கினன், லெப்டொப் மைக் துளையில குத்தினா சத்தம் வருகுதே இல்லை. (கிராண்ட்பாஸ் வாசகர்)

பதில்: அதோட வந்த வயர் ஒரு பக்கம் எக்ஸ்.எல்.ஆர், மற்றப் பக்கம் 3.5 எம்.எம். சின்ன ஜெக்தானே? லெப்டொப்பின்ட அந்தத் துளையில ஒண்டு ரெண்டு வோல்ட் அளவுதான் வரும், பாவம் அந்த மைக் அதில முனகுது. மைக்கை எறியாதீங்கோ. 48 வோல்ட் உள்ள ஏதாவது ஒரு இண்டர்ஃபேஸ், பெஹ்ரிங்கர் யூ.எம்.சி. 22 காணும், ரெண்டு பக்கமும் எக்ஸ்.எல்.ஆர் உள்ள கேபிள் ஒண்டு, அவ்வளவுதான். அப்ப சத்தம் நல்லா வரும், 'ஸ்' எழுத்து கொஞ்சம் காதைக் குத்தும், அது அந்த மைக்கின்ட குணம். யூ.எம்.சி. 22க்கு விண்டோஸில சொந்த ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் (சத்தம் பிந்தாம வாறதுக்குப் போடுற சொஃப்ட்வெயார்) இல்லை, பொதுவான ஏ.எஸ்.ஐ.ஓ. ஃபோர் ஓல் போட்டு ஓட்டவேணும், கொஞ்சம் கூடக் காசு இருந்தா யூ.எம்.சி. 202 எச்.டி. எடுங்கோ, அந்தத் தலையிடி இல்லை.

கேள்வி: பாடேக்க என்ட குரல் எனக்கே பிந்திக் கேக்குது, தாளம் தப்புது. (இரத்மலானை வாசகி)

பதில்: அக்கா, புளூடூத் ஹெட்ஃபோனா? அப்பிடி எண்டா மேல வாசிக்கவே தேவையில்லை, வயர் உள்ளது ஒண்டு எடுங்கோ, காதை மூடுற மாதிரி உள்ளது, இல்லாட்டி ட்ராக் சத்தம் வெளிய வந்து மைக்குக்குள்ள போகும். வயர்தான் எண்டா, இண்டர்ஃபேஸில டிரெக்ட் மொனிட்டர் எண்டு ஒரு பட்டன் இருக்கும், அதை அமத்தி, சொஃப்ட்வெயாரில மொனிட்டரிங்கை நிப்பாட்டுங்கோ. குரல் கொம்பியூட்டருக்குள்ள போய்ச் சுத்தாம நேராக் காதுக்கு வரும். எக்கோவோட கேட்டாத்தான் பாட வருது எண்டா பஃபரை, அதாவது கொம்பியூட்டர் ஒரு தரத்தில சேர்த்து வச்சு அனுப்புற சத்தத் துண்டின்ட அளவை, குறைக்கவேணும். 44.1 கிலோஹேர்ட்ஸில 512 சாம்பிள் எண்டா ஒரு பக்கத்துக்கே 11.6 மில்லி செக்கன், போய்த் திரும்பி வர அது ரெண்டு மடங்குக்கு மேல. 128க்கு இறக்கினா ஒரு பக்கம் 2.9தான். லெப்டொப் பழசு எண்டா 128ல டிக் டிக் எண்டு வெடிக்கும், பதியேக்க 128, மிக்ஸ் பண்ணேக்க 512 எண்டு மாத்தி மாத்தி வச்சுக்கொள்ளுங்கோ.

கேள்வி: பம்பலப்பிட்டியில மிருதங்க வகுப்பு வச்சிருக்கிறன், தங்கச்சி வயலின். ரெண்டு பேரும் சேர்ந்து பதிய என்ன மைக்? முட்டை மட்டை ஒட்டினாச் சத்தம் வெளிய போகாதாமே? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: மட்டைக் கதையை முதல்ல முடிப்பம். முட்டை மட்டை சத்தத்தைத் தடுக்காது, கொஞ்சம் மேல் சத்தத்தை மட்டும் மழுக்கும், நெருப்புப் பிடிச்சா நிமிசத்தில எரியும், கரப்பானுக்கு நல்ல வீடு. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாம இருக்கிறதுக்குப் பாரமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேணும், அது மேசன் வேலை.

மிருதங்கத்துக்கு வசதி இருந்தா ரெண்டு மைக், வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒண்டு, தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒண்டு, ஒவ்வொண்டும் ஒரு சாண் தள்ளி, தோலுக்கு நேரா நடுவைப் பாக்காம கொஞ்சம் சரிச்சு. ஷூரின்ட எஸ்.எம். 57 டைனமிக் ரெண்டு இதுக்கு அருமை, அடியையும் தாங்கும். ஒரு மைக்தான் எண்டா மிருதங்கத்துக்கு முன்னால ரெண்டு அடி தள்ளி, நடுவுக்குக் கொஞ்சம் மேல வையுங்கோ, தொப்பிச் சத்தம் அமுங்கினா அந்தப் பக்கம் ஒரு நாலு விரல் நகர்த்துங்கோ. இந்த நகர்த்தலுக்கு நேரம் எடுங்கோ, ஒரு தரம் பதியிறது, கேக்குறது, நகர்த்துறது. ரவையும் மாவும் குழைச்சுத் தொப்பியில அப்பி அரை மணித்தியாலம் போனா சத்தமே மாறியிருக்கும், அதால நேத்து வச்ச இடம் இண்டைக்குச் சரிவராது.

வயலினுக்கு எனக்கு டைனமிக் பிடிக்காது, வில்லின்ட காத்து போயிடும். ஏ.டி. 2020 போல ஒரு கண்டென்சரை, நிலத்தில இருந்து வாசிக்கிறதால குட்டை பூம் ஸ்டாண்டில, வயலினுக்கு மேல ஒண்டரை அடியில வச்சு எஃப் துளைப் பக்கம் பாக்கவிடுங்கோ. மேல ஃபேன் ஓடினா மைக்குக்குக் காத்து நேரா அடிக்கும், அதை நிப்பாட்டியே ஆகவேணும், வேர்க்கும்தான், நாலு நிமிசத் துண்டுகளாப் பதியுங்கோ.

ரெண்டு பேரும் ஒரே ரூமில எண்டா மிருதங்கம் வயலின் மைக்குக்குள்ள பாயும், தடுக்க ஏலாது. கார்டியோயிட் மைக்கின்ட முதுகுதான் செவிட்டுப் பக்கம், அதால வயலின் மைக்கின்ட முதுகு மிருதங்கத்தைப் பாக்குற மாதிரி இருங்கோ. மிருதங்கத்துக்கு ரெண்டு, வயலினுக்கு ஒண்டு, மூண்டு மைக் ஆகுது. 2ஐ2 காணாது, 4ஐ4லயும் மைக் வழி ரெண்டுதான், மற்ற ரெண்டும் லைன், கடையில நாலு இன்புட் எண்டு சொல்லுறதை நம்பி வாங்கிப்போட்டு வந்து நிக்காதீங்கோ. யூ.எம்.சி. 404 எச்.டி.யில நாலும் மைக் வழி.

மழைக் காலத்தில கண்டென்சரை ஸ்டாண்டில விட்டுப்போட்டுப் படுக்காதீங்கோ. கடற்கரைப் பக்கத்து ஈரம் உள்ள இருக்கிற மெல்லிய தகட்டில படிஞ்சா 'பட் பட்' எண்டு வெடிக்கத் தொடங்கும். மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பக்கட் நாலைப் போட்டு வையுங்கோ.

கேள்வி: இக்மன் விளம்பர வெப்சைட்ல எஸ்.எம். 58 பாதி விலைக்குப் போட்டிருக்கு. நம்பி எடுக்கலாமா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: ஷூர் எஸ்.எம். 58க்கும் 57க்கும் உலகம் முழுக்கப் போலி இருக்கு, பெட்டி, பை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல். சமையலறைத் தராசு ஒண்டைக் கொண்டுபோங்கோ, உண்மையான 58 கிட்டத்தட்ட 298 கிராம், 57 எண்டா 284. நல்லாக் குறைஞ்சு நிண்டா திரும்பி வாங்கோ. சரியா நிண்டாலும் அது மட்டும் சாட்சி இல்லை, தெரிஞ்ச ஆள் ஒருத்தரின்ட உண்மையான மைக்கோட பக்கத்தில வச்சுப் பேசிப் பாத்தா காது சொல்லும்.

பழைய இண்டர்ஃபேஸும் பாக்கப்போறீங்க எண்டா லெப்டொப், உங்கட ஹெட்ஃபோன், ஒரு மைக், கேபிள் எல்லாத்தையும் கொண்டுபோங்கோ. கெயின் நொப்பை மெதுவா முழுசாத் திருப்பேக்க 'கர கர' எண்டா உள்ள ஊத்தை. யூ.எஸ்.பி. வயரைக் கொஞ்சம் ஆட்டேக்க லைட் அணைஞ்சா துளை கழண்டு போச்சு, அதைத் திருத்துறது கஷ்டம். 48 வோல்டைப் போட்டு கண்டென்சர் ஒண்டு ஓடுதா எண்டு பாருங்கோ, கன பேர் டைனமிக்கை மட்டும் குத்திக் காட்டிப்போட்டு விடுவினம். பெட்டியோட வாற இலவச சொஃப்ட்வெயார் முதல் ஆளின்ட பேரில பதிஞ்சிருக்கும், அதுக்கு விலை குடுக்காதீங்கோ, ரீப்பர் எண்ட ரெக்கோர்டிங் சொஃப்ட்வெயாரை இறக்கி 60 நாள் முழுசா ஓட்டிப் பாக்கலாம். விக்கிற ஆள் வீட்டுக்குக் கூப்பிடாம றோட்டில வச்சுத் தாறன் எண்டா, கரண்ட் உள்ள ஒரு டீக்கடையைச் சொல்லுங்கோ.